விசேஷம் ஒன்றும் இல்லையா?

நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் விஷயங்களுக்குத்தான் தமிழில் பெயர்கள் ஏராளம். கர்ப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'முழுகாம இருக்கா', 'உண்டாயிருக்கா', 'மாசமா இருக்கா', 'வாயும் வயிறுமா இருக்கா', 'நாள் தள்ளிப் போயிருக்கு'. ஒன்றும் இல்லாவிட்டால், 'வயித்துல ஒரு புழு பூச்சி வைக்கலையே'. இத்தனைக்கும் நடுவில் கொஞ்சம் நாசூக்கானது 'விசேஷம்'. கல்யாணமாகி ஆறு மாதம் ஆன எந்தப் பெண்ணும், ஏதாவது ஒரு மண்டபத்தில், ஏதாவது ஒரு பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையிடம் யாரும் இதைக் கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவரிடம் கேட்பது, "ஆபீஸ் எல்லாம் எப்படிப் போகுது?" 'மலடி' என்ற சொல்லுக்கு ஆண்பால் அகராதியில் இருக்கிறது. தெருவில் இல்லை.

இப்போது பதில்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம், "கடவுள் கண் திறக்கணும் பெரியம்மா" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்போது, "இப்ப ஐடியா இல்லை பெரியம்மா" என்று நிமிர்ந்தே சொல்கிறார்கள். சில பேர் இன்னும் ஒரு படி மேலே போய், "வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்கிறார்கள். அதற்கப்புறம் பெரியம்மாவுக்குப் பாயசம் இனிப்பதில்லை. வீடு திரும்பும் வழியில் காரிலேயே தீர்ப்பு வாசிக்கப்பட்டுவிடும். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு சுயநலம் ஜாஸ்தி. அவங்க சுகம்தான் அவங்களுக்கு முக்கியம்."

இந்த வாரம், அந்தத் தீர்ப்பின் மேல் ஒரு அப்பீல்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. (நான் பி.காம். படித்தவன். கணக்கில்லாமல் எனக்கு எதுவும் ஆரம்பிக்காது.) தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாக எத்தனை குழந்தை பெறுகிறாள்? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93ல் 2.5. 1998-99ல் 2.2. 2019-21ல் 1.8. ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க 2.1 வேண்டும் என்பார்கள். அதாவது, 2000 பிறப்பதற்கு முன்பே நாம் கிட்டத்தட்ட அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டோம். யார் கொண்டுவந்தது? பந்தியில் உட்கார்ந்து விசேஷம் விசாரிக்கிறாரே, அதே பெரியம்மாதான்! அவருடைய அம்மாவுக்கு ஆறோ ஏழோ. இவர் இரண்டோடு ஆபரேஷன் செய்துகொண்டார். அன்றைக்கு அவரை யாரும் சுயநலக்காரி என்று சொல்லவில்லை. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவருக்குச் சுவர் எழுதிப் பாராட்டினார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 2019-21ல் இந்தியா முழுவதற்குமான சராசரி 2.0. ஆனால், பெண்கள் தாங்களாக விரும்பிய பிரசவங்களை மட்டும் எண்ணினால் 1.6தான் வருகிறது. இடையில் இருக்கும் 0.4 யாருடைய விருப்பம்? மாமியாருடையதா, ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்தவர்களுடையதா, அல்லது சரியான நேரத்தில் சரியான மாத்திரை கிடைக்காததாலா? எப்படி இருந்தாலும், இந்தியப் பெண்கள் தாங்கள் ஆசைப்பட்டதைவிடக் கூடுதலாகத்தான் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதில் சுயநலத்தை எங்கே தேடுவது?

அரசாங்கத்துக்கும் இந்த விஷயத்தில் நிலையான புத்தி இருந்ததில்லை. 1952லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு நம்முடையது. நெருக்கடி நிலை நேரத்தில், 1976-77ல் மட்டும், 80 லட்சம் பேருக்கு மேல் அறுவை சிகிச்சை நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு. பல இடங்களில் கட்டாயமாக. அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, கத்தி மொத்தமாகப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 ஆய்வில், திருமணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவிகிதம். கணவர் செய்துகொண்டது 0.3 சதவிகிதம்.

இப்போது காற்று திசை மாறி அடிக்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திராவின் சந்திரபாபு நாயுடு, கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், முன்பெல்லாம் அவசரப்படாதீர்கள் என்று சொல்வோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று பேசினார். காரணம், ஜனத்தொகையை வைத்து எம்.பி. தொகுதிகளைப் பிரித்தால் தென் மாநிலங்களுக்கு நஷ்டம் வரும் என்பது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், தொகுதிப் பங்கீட்டைக் கர்ப்பப்பையில் வைத்துத் தீர்க்க முடியுமா? சீனா 1980 வாக்கில் ஒன்றோடு நிறுத்து என்றது. 2016ல் இரண்டு பெறலாம் என்றது. 2021ல் மூன்றும் சரி என்றது. ஒன்றுக்கு மேல் பெறாதே என்று மிரட்டியபோது பயந்த ஜனங்கள், தாராளமாகப் பெறு என்றபோது அசையவே இல்லை. 2022லிருந்து அங்கே ஜனத்தொகை குறைந்துகொண்டிருக்கிறது.

இந்த விஷயத்தில் பெரியாரைத் தாண்டிப் போக முடியாது. கருத்தடையைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதியவர். மற்றவர்கள் சொல்லும் காரணங்களை அவர் வரிசையாகப் பட்டியல் போடுகிறார். தாயின் உடல்நலம், குடும்பத்தின் சொத்து, நாட்டின் வறுமை. பிறகு, எங்கள் காரணம் இவை எதுவும் இல்லை, பெண்ணின் விடுதலைதான் காரணம் என்கிறார். 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அவருடைய பெயரைச் சொல்லி ஆட்சி நடத்திய ஊரில்கூட, நிறுத்து என்று சொன்னபோதும் அவளைக் கேட்கவில்லை. பெற்றுக்கொள் என்று சொல்லும்போதும் கேட்கவில்லை.

சரி, அவளைக் கேட்டால் என்ன சொல்கிறாள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண். பெயர் வேண்டாம். பத்திரிகையில் லேஅவுட் செய்கிறாள். வயது 28. கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார். நல்ல பையன், மனைவிக்கு மட்டன் வறுத்துத் தருகிற ரகம். குழந்தை பெறுவதா, வேண்டாமா என்று இரண்டு பேரும் பேசிப் பேசி முடிவுக்கு வராமல், கடைசியில் அவர் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுவிட்டார். பிரசவச் செலவிலிருந்து ஆரம்பித்து, எல்.கே.ஜி. ஃபீஸ், இரண்டு பெட்ரூமிலிருந்து மூன்று பெட்ரூமுக்கு மாறும் இ.எம்.ஐ., மனைவி இரண்டு வருடம் வேலையை விட்டால் இழக்கும் சம்பளம், வருடத்துக்குப் பத்து சதவிகிதம் விலைவாசி ஏற்றம் என்று 21 வயது வரைக்கும் இழுத்துவிட்டு, கீழே கூட்டல் போட்டிருக்கிறார். ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

"வரவு பக்கம் என்ன போட்டார்?" என்று கேட்டேன்.

"அதான் சார் பிரச்னையே. அந்தக் காலம் காலியா இருக்கு. 'சந்தோஷம்'னு டைப் பண்ணி, எதிர்ல என்ன நம்பர் போடறதுன்னு தெரியாம அப்படியே விட்டிருக்கார்."

சிரிக்காதீர்கள். இதே வேலையைச் செய்த ஒருவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் கேரி பெக்கர், 1960ல் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தைகளைக் கார், வீடு மாதிரி நீண்டகாலம் உழைக்கும் நுகர்பொருளாக வைத்துக் கணக்குப் போட்டார். வருமானம் கூடக்கூட ஜனங்கள் எண்ணிக்கையை அவ்வளவாகக் கூட்டுவதில்லை, ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவைத்தான் அதிகம் கூட்டுகிறார்கள் என்றார். அன்றைக்குப் பலருக்கு அது அபசாரமாகப் பட்டது. 1992ல் நோபல் கிடைத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பெக்கரைப் படித்ததில்லை. ஆனால், "வயசான காலத்துல ஒரு வாய் தண்ணி கொடுக்க யாராவது வேணும்ல?" என்று அவர்கள் கேட்பது மட்டும் என்னவாம்? அதுவும் எக்ஸெல்தான். இன்ஷூரன்ஸ் பாலிசி என்ற தலைப்பில் வரவு பக்கம் எழுதிய எக்ஸெல். ஆக, சின்னவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் பாசத்தால் பெற்றார்கள் என்று பிரிப்பது சரியில்லை. எல்லோரும் கணக்குதான் பார்த்தார்கள். முன்பு லாபம் காட்டியது, இப்போது நஷ்டம் காட்டுகிறது.

ஆனால் அந்தப் பெண்ணுடைய பயம் ஒரு கோடியைப் பற்றியது இல்லை. இரண்டாவது டீ வந்தபோதுதான் சொன்னாள். அவளுடைய அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தவர். அரசுப் பள்ளியில் வேலைக்கான உத்தரவும் வந்திருக்கிறது, வேறு மாவட்டத்தில். அப்போது இவள் வயிற்றில் ஏழு மாதம். அம்மா போகவில்லை. அதற்கப்புறம் அந்த வாய்ப்பு வரவே இல்லை.

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கேன் சார். மார்க் குறைஞ்சா சொல்வாங்க. தோசை வேணாம்னா சொல்வாங்க. 'உன்னை வயித்துல வெச்சுக்கிட்டுதான்டி அந்த ஆர்டரைக் கிழிச்சுப் போட்டேன்'னு. குழந்தை பெத்தா என்ன ஆகும்னு எனக்கு யாரும் புதுசா சொல்ல வேணாம். இருபத்தெட்டு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்."

இந்த இடத்தில்தான், இளைஞர்களின் மனசு எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. மேல்நாட்டு மோகம், ரீல்ஸ், கம்பெனிக் கலாசாரம் என்று எங்கெங்கோ தேடுகிறோம். அவையும் கொஞ்சம் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. 2014ல் ஃபேஸ்புக்கும் ஆப்பிளும், பெண் ஊழியர்கள் கருமுட்டையை உறைய வைத்துக்கொள்ளப் பணம் தருகிறோம் என்று அறிவித்தன. இப்போதைக்கு வேலையைப் பார், பிள்ளை ஃப்ரீஸரில் காத்திருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் இதெல்லாம் அப்புறம் வந்தது. ஒரு பெண்ணுக்குத் தாய்மையைப் பற்றிய முதல் விளம்பரம் அவளுடைய அம்மா. அந்த விளம்பரத்தில் என்ன சொன்னோம்?

'பத்து மாசம் சுமந்து பெத்தேன்.' இந்த வாக்கியத்தை யாராவது சந்தோஷமாகச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சண்டை வரும்போது மட்டுமே வரும் வாக்கியம் அது. அப்பா பக்கம், 'உன் காலேஜ் ஃபீஸுக்காக நிலத்தை வித்தேன்.' நம் சினிமாவில் அம்மா என்றால் தையல் மிஷினோ இட்லிக் கடையோ வைத்து விரல் தேய்ந்தவர். மகன் பெரியவனானதும் அத்தனைக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும். தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று கடமை. இன்னொன்று வட்டியோடு திருப்பித் தர வேண்டியது. பழந்தமிழில் முதல் அர்த்தம் தாராளமாகப் புழங்கியது. 'பெத்த கடன்' என்று இன்றைக்குச் சொல்லும்போது காதில் விழுவது என்னவோ இரண்டாவதுதான்.

இருபது இருபத்தைந்து வருடம், 'உன்னால் நான் இதையெல்லாம் இழந்தேன்' என்று ஒரு நஷ்டக் கணக்கைத் தினமும் வாசித்துக் காட்டிவிட்டு, கல்யாணமான மறு மாதம், 'நீ எப்போ இந்த பிசினஸை ஆரம்பிக்கப் போறே?' என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்த எவரும் தயங்கத்தான் செய்வார்கள். அதற்குப் பெயர் சுயநலம் இல்லை. கவனமாகப் பாடம் கேட்டதற்கு அடையாளம்.

இதில் ஒரு தத்துவக் கேள்வியும் இருக்கிறது. பிறந்ததற்காக ஒரு பிள்ளை கடன்பட்டிருக்கிறதா?

2019ல் மும்பையில் ராஃபேல் சாமுவேல் என்ற இளைஞர், என் சம்மதம் இல்லாமல் என்னைப் பெற்றதற்காக அப்பா, அம்மா மேல் வழக்குப் போடப் போகிறேன் என்று அறிவித்தார். உலகம் பூராவும் சிரித்தது. அவருடைய பெற்றோர் இருவருமே வக்கீல்கள் என்பது கூடுதல் தமாஷ். ஆனால் இந்த வாதம் ஒரு இளைஞரின் கிறுக்குத்தனம் மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தத்துவப் பேராசிரியர் டேவிட் பெனட்டார் 2006ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பிறக்காதவருக்கு இழப்பு என்று எதுவும் இல்லை, பிறந்தவருக்கு வலி நிச்சயம், எனவே பிறப்பிப்பதே தீங்கு என்பது அவர் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெயிலில் அலைந்துவிட்டு மண்பானைத் தண்ணீர் குடித்தவர்கள் யாருக்கும் உடன்பாடு இருக்காது என்று நினைக்கிறேன். வாழ்க்கையை வெறும் வலிக் கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு விடை முன்கூட்டியே தெரிந்துதான் இருக்கும்.

ஆனால் அதிலிருந்து ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிறக்கிறாயா என்று யாரையும் கேட்டுவிட்டுப் பெற முடியாது. அப்படியானால் அதற்கு பில் போடவும் முடியாது. பி.காம். படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், 'மோஹரி பீபி வழக்கு, 1903' என்பார். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று ப்ரிவி கவுன்சில் சொன்ன வழக்கு. கையெழுத்துப் போடத் தெரியாத பிள்ளைக்கே கடன் கிடையாது என்கிறது சட்டம். கருவிலேயே இல்லாத பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

உடனே, "அப்போ பெத்தவங்களைத் தெருவுல விட்டுடலாமா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வயதானவர்களைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதற்கென்று 2007ல் தனிச் சட்டமே வந்தது. பிள்ளைகள் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். பிள்ளை இல்லாதவருக்கும் அதில் வழி உண்டு. அவருடைய சொத்துக்கு வாரிசாக வரும் உறவினர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. முதுமைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற நியாயத்தை, என்னைப் பெற்றார்கள் என்ற நன்றிக் கடனில் தொங்கவிடாமலே சொல்ல முடிகிறது, பாருங்கள்.

அந்த அம்மாவின் கோபமோ பொய் இல்லை. ஆர்டரைக் கிழித்தது உண்மை. இந்தியாவில் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று நடத்துகிறார்கள். யார் வீட்டில் யார் எவ்வளவு நேரம் எதற்குச் செலவிடுகிறார்கள் என்று எண்ணுவது. 2019ல் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மறுபடி எண்ணினார்கள். பெண்களுக்கு 289. ஆஹா, பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அடுத்த வரியைப் பார்த்தால், ஆண்களுக்கு 88. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது!

2023ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் காட்டியதும் இதன் தொடர்ச்சிதான். ஒரே மாதிரிப் படித்து, ஒரே மாதிரி வேலைக்குச் சேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் சம்பள இடைவெளி பெரிதாவது முதல் குழந்தை பிறந்ததிலிருந்து. அப்பாவின் சம்பளத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நம்மூரில் 2017ல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக்கிச் சட்டம் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தச் சம்பளத்தை முழுக்கக் கொடுக்க வேண்டியது முதலாளி. விளைவு, புதிதாகக் கல்யாணமான பெண் இன்டர்வியூவுக்குப் போனால், "ஃபேமிலி ப்ளான் ஏதாவது…?" என்று இழுக்கிறார்கள். பந்தியில் பெரியம்மா கேட்ட அதே கேள்வி, எதிர்ப்பதிலை எதிர்பார்த்து! அப்பாவுக்கோ, தனியார் வேலையில் சட்டப்படி ஒரு நாள் விடுமுறைகூடக் கிடையாது.

ஆக, அம்மா போட்ட பில் சரியான பில். விலாசம்தான் தப்பு. வேறு மாவட்டத்துக்கு வர மாட்டேன் என்று சொன்ன கணவருக்கும், நிறைமாதப் பெண் வந்து சேர ஒரு வருடம் அவகாசம் தராத இலாகாவுக்கும் போக வேண்டிய பில், வயிற்றில் ஏழு மாதமாக இருந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் வரை கர்ப்பம் என்பது குடும்ப மானத்தைக் கப்பலேற்றும் விபத்து. எத்தனை படங்களில் அந்த விபத்துக்குப் பரிகாரம் கிணறாகவோ தண்டவாளமாகவோ இருந்திருக்கிறது! தாலி ஏறிய மறுநாள் அதுவே வரம். ஒரே ராத்திரியில் பயத்தை ஆசையாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். இடைப்பட்ட விவரங்களை யாரும் சொல்வதில்லை. சொன்னவர்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2005ல் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்பவர்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். துடைப்பத்தோடு ஊர்வலம் போனார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010ல் சுப்ரீம் கோர்ட் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சட்டத்தில் தடை இல்லை, ஆனாலும் சென்னையில் கடை கடையாகக் கேட்டும் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்காகச் செய்திகள் வந்திருக்கின்றன. அது கருக்கலைப்பு மாத்திரை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே தரித்த கர்ப்பத்தை அது ஒன்றும் செய்யாது.

பிள்ளை பெறுவதா இல்லையா என்பது பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் கல்யாணமானவள், ஆகாதவள் என்று வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 2022ல் தீர்ப்பு வந்தது. கோர்ட் போகிற வேகத்துக்கு மண்டபம் வரவில்லை.

இதுவரை நான் பேசியதெல்லாம் எக்ஸெல் தெரிந்தவர்களைப் பற்றி. இதே தமிழ்நாட்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, பத்தொன்பதில் இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தயக்கம் குறைவு. தாய்ப்பாசம் அங்கே மட்டும் ஊற்றாகப் பெருகுகிறது என்று அர்த்தமில்லை. புகுந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மீன் துண்டை எடுத்து வைப்பது அவள் மாசமாக இருக்கும்போது மட்டும். உட்கார் என்று சொல்வதும் அப்போது மட்டும். வளைகாப்பு அன்றைக்குத்தான் அவளை நடுவில் உட்கார வைத்து ஊரே நலுங்கு வைக்கிறது. வேறு எந்த வழியாகவும் கிடைக்காத மரியாதை இந்த ஒரு வாசல் வழியாகக் கிடைக்கிறது என்றால் யார்தான் தாமதிப்பார்கள்? வேறு வாசல்கள் திறந்திருக்கும் ஊரில் அதே பெண் கொஞ்சம் யோசித்திருப்பாள்.

யோசித்தால் மட்டும் விடை கிடைத்துவிடுமா என்றால், அதுவும் சந்தேகம். அமெரிக்காவில் எல்.ஏ.பால் என்ற தத்துவப் பேராசிரியை இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தாயாவது எப்படி இருக்கும் என்பது தாயான பிறகுதான் தெரியும். தாயான பிறகு, கேள்வி கேட்ட பழைய ஆளே அங்கே இருக்க மாட்டாள். அவளுடைய ஆசைகளும் மாறியிருக்கும். ஆகவே, 'எனக்கு இது சந்தோஷம் தருமா?' என்று முன்கூட்டியே எடை போட்டு முடிவெடுப்பது நடக்காத காரியம் என்கிறார். பெற்றவர்கள் பாதி பேர் இதைத்தான், "பெத்துப் பாரு, அப்ப தெரியும்" என்று சொல்கிறார்கள். ஆனால் பால் சொல்வதில் இன்னொரு பாதி இருக்கிறது. பெறாத வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பது பெற்றவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் இருட்டுதான். அப்படியிருக்க, ஒரு பக்கம் நின்றுகொண்டு மறுபக்கத்துக்காரரைச் சுயநலக்காரர் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு வேணுமா வேணாமான்னு தெரியலை சார்" என்றாள் அந்தப் பெண். "வேணும்னு சொன்னா எல்லாருக்கும் சந்தோஷம். வேணாம்னு சொன்னா சண்டை போடவாவது ஆள் இருக்கு. தெரியலைன்னு சொன்னா மட்டும் ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. உடனே ஜோசியர் நம்பர் அனுப்பறாங்க. இல்லாட்டி டாக்டர் நம்பர்." சென்னையில் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தால் அவள் சொல்வது புரியும். முக்கால்வாசிக்குக் கருத்தரிப்பு மைய விளம்பரம். 'தெரியலை'க்கு மருந்து வைத்திருப்பவர் யாரும் இல்லை. மருந்து தேவைப்படும் நோயும் இல்லை அது.

நான் அவளுக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "அம்மாகிட்ட, என்னை வளர்த்ததுல உனக்கு எது பிடிச்சிருந்ததுன்னு எப்பவாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லையாம்.

போன வாரம் ஊருக்குப் போனபோது கேட்டிருக்கிறாள். அம்மா முதலில், "என்னடி கேள்வி இது?" என்று அரிசி களையப் போய்விட்டார். மறுநாள் காலையில் இவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற நேரத்தில், வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். "ரெண்டு வயசு வரைக்கும் நீ என் தாலிக் கயித்தைப் புடிச்சுக்கிட்டுதான் தூங்குவே. கையை எடுத்தா முழிச்சுக்குவே. ராத்திரி தாகமா இருந்தாலும் எந்திரிக்காம அப்படியே கிடப்பேன். இப்பவும் சில நாள் தூக்கத்துல கயித்தைத் தொட்டுப் பாப்பேன்."

இருபத்தெட்டு வருடத்தில் அம்மா இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாளாம். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, "இதை எந்த வரிசையில போடறது?" என்று கேட்டாராம்.